சனிக்கிழமை ஜெர்கின்

சாமல்பட்டி,
12-11-2025

அன்புள்ள சுஜாக்காவுக்கு,

கவிப்ரியா எழுதுவது. நலமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். எனக்குத்தான் இங்கே சோறு இறங்கவில்லை.

தயவுசெய்து போனில் மெசேஜ் எதுவும் போட்டுவிடாதீர்கள். என்னை ஓசூருக்கு அனுப்பும்போதே மணிவேல் அண்ணன் என் வாட்ஸ்அப்பைத் தன் போனிலும் ஓடவைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் கடிதம். பதிலை ‘வெங்கடம்மா தையல் கடை, ஸ்டேஷன் ரோடு, சாமல்பட்டி’ என்று போடுங்கள். அவள் என்னோடு படித்தவள், பிரிக்காமல் கொடுப்பாள்.

திங்கட்கிழமை காலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது இல்லையா, அதனால் ஹாஸ்டல் ரூமில் ஆணியில் தொங்கிய என் ஜெர்கினை எடுத்து மாட்டிக்கொண்டு கம்பெனிக்கு வந்தேன். சனிக்கிழமை நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனது எனக்கு நினைப்பே இல்லை. கேட்டில் செக்யூரிட்டி சரோஜம்மாள் தட்டிப் பார்த்தார்கள். பாக்கெட்டுக்குள் கையை விட்டு எடுத்து, “ஏனம்மா இது?” என்று என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். ஒரு லைட்டர், இரண்டு சிகரெட். பின்னால் நின்ற அத்தனை பெண்களும் பார்த்தார்கள்.

நீங்கள் எனக்கு முன்னால்தான் நின்றீர்கள். திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு கேட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டீர்கள்.

ஹெச்.ஆர். ராமப்பன் சார் சத்தம் போட்டதை நான் எழுத வேண்டியதில்லை, லைனுக்கே கேட்டிருக்கும். “பெயின்ட் ஷாப்புல தின்னர் டிரம் நிக்குது, ஒரு பொறி பட்டா முந்நூறு பேர் காலி. இது யாருது?” என்றார். “தெரியல சார்” என்றேன். “உன் ஜெர்கின், உன் பாக்கெட், உனக்குத் தெரியாதா?” என்றார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 24ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. அன்றைக்கும் தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடும்.

உங்கள் பெயர் என் வாயில் வரவில்லை அக்கா. இந்தக் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டதே நீங்கள்தான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் துணியைக்கூடத் துவைத்துப் போட்டீர்கள். என்னைப் பையோடு வெளியே அனுப்பும்போது வந்து, “நான் பாத்துக்கறேன், நீ போ” என்று காதில் சொன்னீர்களே, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

வீட்டில் மெஷின் ரிப்பேர், லீவு என்று சொல்லியிருக்கிறேன். அதற்கே மாமா ஊத்தங்கரையில் ஒரு பையன் இருக்கிறான் என்று ஆரம்பித்துவிட்டார். “வேலை இல்லன்னா வீட்ல எதுக்கு ஒக்காரணும், தை மாசமே முடிச்சிடலாம்” என்கிறார்கள் அம்மா. வேலை இருக்கிறவரைக்கும்தான் நான் வேண்டாம் என்று சொல்ல முடியும்.

24ஆம் தேதிக்குள் நீங்கள் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அது போதும்.

அன்புத் தங்கை,
கவிப்ரியா


ஓசூர், ஹாஸ்டல்,
14-11-2025

அடி என் கவிக்குட்டிக்கு,

உன் கடிதத்தைப் பாத்ரூமில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு அங்கேயே அழுதேன். வார்டன் கதவைத் தட்டி, “என்னம்மா சுஜாதா, வயிறு சரியில்லையா?” என்று கேட்கிற அளவுக்கு அழுதேன். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், நீ போன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உன் தலையணை அப்படியே இருக்கிறது. சீப்பில்கூட உன் முடி.

ஒன்று சொல்கிறேன், கேட்டுச் சந்தோஷப்படு. நான் விட்டுவிட்டேன். ஆமாம்டி, சிகரெட்டைத்தான். சந்திரசூடேஸ்வரர் மலைக்கு ஏறிப் போய்க் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்துவிட்டு வந்தேன். பெட்டியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததையும் நசுக்கிப் போட்டுவிட்டேன். இனி ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்.

எனக்கு அது என்ன பெரிய பழக்கமா, நீயே சொல். சனிக்கிழமை அத்திப்பள்ளிப் பக்கம் போனால் ஒன்று, மிஞ்சினால் இன்னொன்று. ஞாயிறு காலையில் எழுந்தால் அந்த நினைப்பே இருக்காது. எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் இருக்கிற சந்தோஷ் மாதிரி பல் விளக்கியதும் ஊதுகிற ஆளா நான்? என் துணியில் வாசனை ஏறக்கூடாது என்றுதான் எப்போதும் உன் ஜெர்கினை மாட்டிக்கொண்டு போவேன். அது இப்படி வந்து உன் தலையில் விடியும் என்று கண்டேனா? அந்த லைட்டரை எடுக்க மறந்த கையை வெட்டிப் போட வேண்டும்.

விசாரணைக்கு லைன் லீடர் என்ற முறையில் நானும் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். நல்லதாகப் போயிற்று. நான் பக்கத்திலேயே இருப்பேன், நீ எதற்கும் பயப்படாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மாவிடம் முகத்தைக் காட்டாதே, கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் மேல் உயிரான,
சுஜாக்கா


சாமல்பட்டி,
17-11-2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். நான் கேட்டதற்குப் பதில் எங்காவது இருக்கிறதா என்று மூன்றாவது தடவையும் படித்தேன். இல்லை.

சிகரெட்டை விட்டது நல்லதுதான். உங்கள் உடம்புக்கு நல்லது. ஆனால் நான் அதைக் கேட்கவே இல்லையே அக்கா. ராமப்பன் சார் என்னிடம், “இனிமே குடிப்பியா?” என்றா கேட்கப்போகிறார்? யாருடையது என்றுதான் கேட்பார்.

இன்னொன்று. அந்த ஜெர்கின் என் முதல் சம்பளத்தில் பாகலூர் ரோட்டில் வாங்கியது. உங்களையும் கூட்டிக்கொண்டு போய்த்தான் வாங்கினேன். “உன் ஜெர்கின் எனக்கு ராசிடி” என்று வாராவாரம் கேட்டு வாங்கிப் போவீர்கள். என் மேல் இருக்கிற பிரியத்தில் கேட்கிறீர்கள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் துணியில் வாசனை வரக்கூடாது, என் துணியில் வந்தால் பரவாயில்லை, அப்படித்தானே? ஒரு தடவை உங்களோடு நானும் வந்தேனே, அப்போதும் அந்த ஜெர்கின் உங்கள் மேல்தான் இருந்தது. குளிரில் நான் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊத்தங்கரைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் ஒன்றும் மோசமில்லை. “வேலைக்கெல்லாம் போக வேண்டாம், எங்க வீட்ல எருமை இருக்குது, அதப் பாத்துக்கிட்டாலே போதும்” என்றார் அவன் அப்பா. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். நான் உள்ளே போய் வாளியில் முகத்தை முக்கிக்கொண்டு நின்றேன்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். “ரிப்பேருன்னா இத்தன நாளா பண்ணுவானுங்க?” என்று நேற்றுக் கேட்டான். துணி துவைக்க என்று எழுந்து போய்விட்டேன்.

பக்கத்தில் இருப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். கேட்டிலும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். சொல்வீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

கவிப்ரியா


ஓசூர்,
19-11-2025

கவிப்ரியாவுக்கு,

பரவாயில்லையே, நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாய். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளையாக வந்தாய். பஞ்ச் அடிக்கத் தெரியாமல் மெஷின் முன்னால் நின்று அழுதாயே, அன்றைக்கு உன் கையைப் பிடித்து வைத்தது யார்? டார்கெட் வராத நாளில் என் கணக்கில் எழுதிக்கொண்டது யார்? ஒரு ஜெர்கினுக்கு இத்தனை பேச்சு.

நீ என்னவோ நான் இங்கே ஜாலியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். போன சனிக்கிழமை எல்லோரும் கூப்பிட்டார்கள் என்று போனேன். சாப்பிட்டுவிட்டு ஊதுவதற்காக அவர்கள் வெளியே போய் நின்றார்கள். நான் உள்ளேயே உட்கார்ந்து கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷ் எட்டிப் பார்த்து, “ஒண்ணே ஒண்ணுதானே சுஜா, வா” என்றான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் தொடவில்லை. இதெல்லாம் யாருக்காக? உனக்காகத்தான். அது உனக்குப் பெரிதாகப் படவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஜனவரியில் என்னை சூப்பர்வைசர் ஆக்குவதாகப் பேச்சு இருக்கிறது. இந்த லைனில் ஒரு பெண் சூப்பர்வைசராக வந்ததே கிடையாது. எட்டு வருஷம் நின்ற கால் வலி எனக்குத்தான் தெரியும். ஒரு ஆம்பிளை பாக்கெட்டில் லைட்டர் இருந்தால், “மறந்துட்டேன் சார்” என்பான், ஒரு வார்னிங்கோடு முடியும். நான் என்னுடையது என்று சொன்னால் அன்று சாயங்காலமே மூன்று ஷிப்டுக்கும் தெரிந்துவிடும். தம் அடிக்கிற சுஜாதா என்று காலம் பூராவும் அதுதான் என் பேர். குந்தாரப்பள்ளியில் என் அப்பா சந்தையில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. நீ சின்னப் பெண், ஓசூரில் கம்பெனிக்கா பஞ்சம், வேறு இடத்தில் நானே சேர்த்துவிடுகிறேன்.

இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது, யோசித்துப் பார். அண்ணன் பார்க்க வந்திருந்தான், குளிருக்கு ஜெர்கினை மாட்டிக்கொண்டு வெளியே போய் வந்தான், அவனுடையது என்று சொல்லிவிடு. யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஆம்பிளைப் பையன், சிகரெட், என்ன இருக்கிறது அதில்? உன் வேலையும் போகாது, என் பேரும் கெடாது.

கோபம் வேண்டாம்டி. யோசி.

சுஜாதா


சாமல்பட்டி,
21-11-2025

அக்காவுக்கு,

நேற்று அம்மாவின் ஜாக்கெட்டை வாங்க அண்ணன் தையல் கடைக்குப் போயிருக்கிறான். நான் எது நடக்கக்கூடாது என்று பயந்துகொண்டிருந்தேனோ அது நடந்துவிட்டது. வெங்கடம்மா அப்பாவியாக, “கவிக்கு ஒரு லெட்டர் வந்திருக்குதுண்ணா” என்று அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். பிரிக்கவில்லை. “ரிப்பேரு மெஷினுக்கா, உனக்கா?” என்று கேட்டான். எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்துவிட்டது. கேட்டில் நடந்ததையெல்லாம் சொன்னேன். என்னுடையது இல்லை என்றும் சொன்னேன். யாருடையது என்று அவன் கேட்கவே இல்லை.

“என்னுதுன்னு சொல்லிக்கலாம் பாப்பா. நான் வந்து சொல்றேன். அம்மாகிட்டயும் அப்பிடியே சொல்லிக்கலாம்” என்றான். வெற்றிலைகூடப் போடாதவன் அக்கா என் அண்ணன். டீக்கடையில் பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.

அதற்குப் பிறகுதான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். நீங்களும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள். அவன் சொன்னபோது அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது. நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்தக் காகிதத்தைத் தொடவே பிடிக்கவில்லை.

ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், சனிக்கிழமை உங்களுக்குக் கிடைத்துவிடும். திங்கட்கிழமை பத்து மணிக்கு நானும் அண்ணனும் வருவோம். அதற்கு முன்னால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. அவனைப் பொய் சொல்ல வைக்காதீர்கள்.

கவிப்ரியா


ஓசூர், ஹாஸ்டல்,
28-11-2025

சுஜாதா அவர்களுக்கு,

குந்தாரப்பள்ளி விலாசத்தை வார்டன் ரிஜிஸ்டரைப் பார்த்துக் கொடுத்தார்கள். போன் ஸ்விட்ச் ஆஃப் என்றே வருகிறது. உங்கள் கட்டில் காலியாக இருக்கிறது. வீட்டில் ஏதோ பிரச்சினை, வேலையை விட்டுப் போய்விட்டாள் என்கிறார்கள் எல்லோரும்.

எனக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். ஊத்தங்கரைப் பேச்சும் இப்போதைக்கு நின்றிருக்கிறது. உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அன்றைக்கு என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தீர்கள், ராமப்பன் சாருக்குப் பக்கத்து நாற்காலியில், ஐடி கார்டைத் திருகிக்கொண்டு. கதவு மூடியது. உள்ளே சார் சிரிக்கிற சத்தம் கேட்டது. என் அண்ணனைப் பார்த்து யாரோ சிரிக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அவன் வெளியே வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. “வேலை இருக்குது, போ பாப்பா” என்றான். அவ்வளவுதான். உள்ளே என்ன நடந்தது என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், “ஒண்ணுமில்ல வுடு” என்கிறான். நீங்கள் என்னைத் தாண்டித்தான் போனீர்கள். ஒரு பார்வைகூட இல்லை. கேட்டில் செய்ததையே மறுபடியும் செய்தீர்கள்.

ஒரு அப்பாவி உங்கள் பழியைச் சுமப்பதைக் கல்லு மாதிரி உட்கார்ந்து பார்த்துவிட்டு, முகத்தில் முழிக்க வெட்கமாக இருந்ததால் ஓடிப்போய்விட்டீர்கள். நான் உங்களை அக்கா என்று கூப்பிட்டது என் தப்பு. இதற்குப் பதில் வேண்டாம்.

கவிப்ரியா


குந்தாரப்பள்ளி,
3-12-2025

கவிக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். எழுதக்கூடாது என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்ததும் உன் அண்ணன் உன்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை.

அந்த அறையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “என்னுதுங்க சார்” என்றார். ராமப்பன் சார், “தெனம் எத்தனை குடிப்ப?” என்றார். “ஒரு நாலு பாக்கெட்டுங்க” என்றார். சார் சிரித்துவிட்டார். “என்ன சிகரெட்?” “சிகரெட்டுதாங்க சார்.” எனக்குமே சிரிப்பு வந்தது கவி, அந்த நேரத்திலும். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

சார் லைட்டரை மேஜையில் வைத்தார். “பத்த வைக்க வேணாம். எப்பிடிப் புடிப்ப, புடிச்சு மட்டும் காட்டு” என்றார். உன் அண்ணன் அதை டார்ச் லைட் மாதிரி பிடித்தார், அதுவும் தலைகீழாக. சார் ஃபைலை மூடினார். “தங்கச்சிக்காகப் பொய் சொல்ல வந்திருக்கற. அப்போ அந்தப் பொண்ணு பொய் சாட்சி வேற செட் பண்ணியிருக்கு. இன்னிக்கே கணக்கை முடிங்க” என்றார்.

உன் அண்ணன் பயந்துபோய் லைட்டரைத் திருப்பித் திருப்பி அமுக்கிக்கொண்டே இருந்தார். “இல்லீங்க சார், என்னுதுதாங்க, இருங்க, இருங்க” என்கிறார். அதில் சக்கரம் ஒரு பக்கம் உடைந்திருக்கும். கட்டைவிரலை அடியிலிருந்து கொடுத்து இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் தோலைக் கிழிக்கும். அவர் விரலில் ரத்தம் வந்துவிட்டது. “அப்பிடி இல்லீங்க, கீழ இருந்து இழுக்கணும்” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

சொல்ல வேண்டும் என்று முடிவு பண்ணி நான் சொல்லவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் ஸ்பீடு போஸ்ட் சனிக்கிழமையே கிடைத்தது, படித்தேன், மடித்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் போய் உட்கார்ந்தேன். அந்த ரத்தத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் கடைசிவரை வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

“உனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் சார். “என்னுது சார். நான் சிகரெட் குடிப்பேன்” என்றேன். அந்த வாக்கியத்தை என் ஆயுசில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னேன். எனக்கே யாரோ சொல்கிற மாதிரி இருந்தது.

இதை எழுத்தில் கொண்டுவந்தால் இந்தப் பக்கத்தில் வேறு எந்தக் கம்பெனியும் எடுக்காது, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார். எழுதிக் கொடுத்தேன். ஐடி கார்டைக் கழற்றி வைத்தேன். உன்னைப் பார்க்காமல் போனது உண்மை. பார்த்திருந்தால் உன் மேல் விழுந்து அழுதிருப்பேன், விஷயம் ஷிப்டுக்கே தெரிந்திருக்கும். அந்தப் பயம் அப்போதும் இருந்தது, பார்.

நீ வார்னிங் லெட்டரில் கையெழுத்துப் போட உள்ளே போயிருந்தபோது உன் அண்ணன் கேட்டுக்கு வெளியே என் பின்னாலேயே வந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். “ஏங்க, சாப்ட்டீங்களா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். “சாப்புட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நான் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மலை மேல் சத்தியம் செய்தேன் என்று எழுதினேனே, அந்த வாரமே சனிக்கிழமை குடித்தேன். கடலை கொறித்துக்கொண்டு உள்ளே இருந்தேன் என்றது பொய். வெளியே போய் அவர்களோடு நின்றேன். எனக்கு அந்தப் புகைகூடப் பெரிதில்லைடி. பத்து நிமிஷம் வெளியே நின்று, அவன் இப்படி, சம்பளம் இப்படி என்று மனசு விட்டுப் பேசுவோமே, அங்கே யாரும் என்னை லைன் லீடராகப் பார்க்கமாட்டார்கள். அதற்காகத்தான் போனேன். கையில் அது இல்லாமல் அங்கே நிற்கத் தெரியவில்லை. வாரத்துக்கு ஒரு நாள்தானே, நான் என்ன குடிக்கிறவளா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். குடிக்கிறேன் என்றே ஒத்துக்கொள்ளாதவள் எதை விடப்போகிறாள், சொல்.

போன சனிக்கிழமை சந்தோஷ் எப்படியோ அப்பா நம்பருக்குப் போன் பண்ணிவிட்டான், அத்திப்பள்ளிக்கு வா என்று. “நான் விட்டுட்டேன்டா” என்றேன். “எதை?” என்றான். அவனுக்கும் நான் குடிக்கிறவளாகத் தெரியவில்லை பார்.

இங்கே மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பேக்கிங்கில் சேர்ந்திருக்கிறேன். சம்பளம் பாதிதான். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கை சும்மா இருக்க மறுக்கிறது. அப்பாவோடு போய் மாட்டுக்குத் தீவனம் கலக்கிவிட்டு வருகிறேன். ஜென்மத்துக்கும் தொடமாட்டேன் என்று இனி உனக்கு எழுதமாட்டேன். போன சனிக்கிழமை தொடவில்லை, அது மட்டும் நிஜம்.

நீ அக்கா என்று கூப்பிட வேண்டாம். ஜெர்கினை நன்றாக வெயிலில் போட்டு எடு.

சுஜாதா


சாமல்பட்டி,
7-12-2025

சுஜாக்கா,

ஞாயிற்றுக்கிழமை லீவு என்று நேற்றே ஊருக்கு வந்துவிட்டேன். உங்கள் கடிதத்தோடுதான் வந்தேன்.

வந்ததும் அண்ணனை மாட்டுக் கொட்டகையில் பிடித்தேன். “ஏண்ணா எங்கிட்ட சொல்லல?” என்றேன். கட்டைவிரலில் இன்னும் அந்தக் காயம் இருக்கிறது. “அவங்களே உங்கிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். அவங்க சொல்லலன்னா நான் எதுக்குச் சொல்லணும்?” என்றான். வாட்ஸ்அப்பையும் கேட்டுவிட்டேன். அம்மாவின் வாயை அடைக்க அன்றைக்குப் போட்டதாம், ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லையாம். இத்தனை நாளும் நான் யாரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன் என்று எனக்கே சிரிப்பாக வந்தது.

எனக்குக் கோபம் தீரவில்லை அக்கா. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். இப்போதெல்லாம் கேட்டில் சரோஜம்மாள் கை வைப்பதற்கு முன்னால் நானே பாக்கெட் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டிவிடுகிறேன். அவர்கள், “ஏய், போதும் போம்மா” என்கிறார்கள். ஆனாலும் கை தானாகப் போகிறது. உங்கள் கட்டிலுக்கு ஒரு தேனிக்காரப் பெண் வந்திருக்கிறாள். ஜெர்கினை அவள் கேட்டாள், தரவில்லை.

வீட்டில் இன்னும் அண்ணனுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெருவிலும் அப்படித்தான். அவன் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கூப்பிட்டுச் சட்டையை மோந்து பார்க்கிறார்கள், வாயை ஊதச் சொல்கிறார்கள். அவனும் குனிந்து ஊதிக் காட்டிவிட்டுக் கை கால் கழுவப் போகிறான். நேற்றும் நின்று காட்டினான். நான் சமையல்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவன் கண்ணாலேயே வேண்டாம் என்றான்.

இந்த வாரம் ஆடு பிடிக்க அண்ணன் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு வருகிறான். இந்தக் கடிதத்தை அவன் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். துவைத்துக் காயவைத்த ஜெர்கினும் அந்தப் பையில் இருக்கிறது. சனிக்கிழமை எங்காவது போனால் போட்டுக்கொள்ளுங்கள்.

அவன் வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பப் பார்ப்பான். விடாதீர்கள். சாப்பிட்டானா என்று கேளுங்கள்.

கவி